படகில் பூத்த வெள்ளை

மலேசியாவின் நிபோங் தெபாலில் இருக்கும் என் சித்தப்பா தன் 16 அடி ஃபைபர் படகை விற்கப் போகிறேன் என்றார். செம்பனைத் தோட்டத்து வேலை போக மீதி நேரத்தில், கெரியான் ஆற்றில் ஊடாங் காலா என்னும் பெரிய ஆற்று இறால் பிடிக்க வாங்கிய படகு. நீலப் படகு என்று அவர்தான் சொல்கிறார். பார்த்தால் சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி இருந்தது. விரலால் தேய்த்தேன், வெள்ளை மாவு ஒட்டியது.

"ஆள் வர்ற நேரத்துல தண்ணிய பீச்சிட்டா போதும்லா தம்பி, நீலம் வந்துரும்" என்று குழாயைத் திறந்தார். நிஜமாகவே வந்தது. பத்து நிமிட வெயிலில் காய்ந்ததும் மறுபடியும் சுண்ணாம்பு.

அந்த நீலம் எங்கே போய் ஒளிந்துகொள்கிறது? ஃபைபர் படகின் வெளித்தோல், நிறம் கலந்த பாலியெஸ்டர் பிசின். ஜெல்கோட் என்பார்கள். தடிமன் சுமார் அரை மில்லிமீட்டர்தான். வெயிலின் புற ஊதாக் கதிர் பிசினின் நீண்ட மூலக்கூறுச் சங்கிலிகளை அறுக்கிறது. மேல்பரப்பு பொடிந்து, கண்ணுக்குத் தெரியாத குழிகளும் மேடுகளுமாகிறது. ஒளி ஒரு பொருளிலிருந்து இன்னொன்றுக்குள் நுழையும் இடத்தில்தான் திரும்புகிறது, சிதறுகிறது. ஒரு பொருள் ஒளியை எவ்வளவு வளைக்கும் என்பதைச் சொல்வது ஒளிவிலகல் எண். காற்றுக்கு அது 1, பிசினுக்கு ஏறக்குறைய 1.5. இடைவெளி பெரிது. ஆகவே ஒவ்வொரு பொடியிலும் பட்டு எல்லா நிறமும் கலந்து சிதறுகிறது. அந்தக் கலவைதான் வெள்ளை. தண்ணீரின் எண் 1.33. அது குழிகளை நிரப்பியதும் இடைவெளி குறைகிறது, ஒளி உள்ளே போய் நிறமியைத் தொட்டுவிட்டு நீலமாகத் திரும்புகிறது. நனைந்த மண் கறுத்துத் தெரிவதும் இதே கணக்குதான்.

பொடியைத் தேய்த்து எடுக்காமல் அதன் மேலேயே மெழுகு பூசி விற்பவர்கள் உண்டு. மெழுகும் குழியைத்தான் நிரப்புகிறது, சட்டென்று காய்வதில்லை என்பதே வித்தியாசம். சில வாரம் மினுக்கும். என்னைக் கேட்டால் அதுவும் தண்ணீர் பீச்சுவதுதான், கொஞ்சம் செலவு கூடுதல்.

ஒழுங்கான வழி, செத்த தோலை எடுப்பது. 800, 1200, 2000 என்று எண் ஏற ஏற மென்மையாகும் உப்புத்தாளால் தண்ணீர் விட்டுத் தேய்த்து, அப்புறம் பாலிஷ் பசை. ஒவ்வொரு தாளுக்கும் ஒரே வேலை: முந்தைய தாள் போட்ட கீறலை அழித்துவிட்டு அதைவிடச் சின்னக் கீறலைப் போடுவது. ஒளியின் அலைநீளம் 0.4 முதல் 0.7 மைக்ரான் (மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). கீறல் அதற்கும் கீழே போனால் ஒளிக்கு அது கீறலே இல்லை, முகம் தெரியும். கடைசியில் பூசும் மெழுகு காவலுக்கு. எங்களுக்கு இரண்டு ஞாயிறு பிடித்தது. விளிம்பு வளையும் இடத்தில் நான் ஆசை மிகுதியில் அதிகம் தேய்த்து, கண்ணாடி இழையின் நெசவே தெரிந்துவிட்டது. அரை மில்லிமீட்டர் என்பது அவ்வளவுதான்.

நான் முன்புறத்தில் இருந்தபோது சித்தப்பா பின்னால் வேறொரு காரியம் செய்துவிட்டார். எஞ்சின் காலில் திருகியிருந்த, பாதி அரித்த துத்தநாகக் கட்டிக்கு அழகாக வெள்ளிப் பெயின்ட்! எஞ்சின் உடல் அலுமினியம், படகைத் தள்ளும் விசிறியின் தண்டு துருப்பிடிக்காத எஃகு. இரண்டையும் உப்புத் தண்ணீரில் சேர்த்து வைத்தால் அது ஒரு பேட்டரி. எலெக்ட்ரானை எளிதில் விடும் உலோகம் கரையும். எஞ்சின் உடலில் பெயின்ட் உப்பிய இடத்தைக் கிளறினால் உதிரும் வெள்ளைப் பொடி, கரைந்த அலுமினியம்தான். துத்தநாகம் அதற்கு முன்னால் தன்னைக் கொடுத்துவிடுகிறது, ஆனால் தண்ணீர் அதைத் தொட்டால்தான் கொடுக்க முடியும். அரித்த கட்டி என்றால் எஞ்சின் பிழைத்தது என்று அர்த்தம். பல வருடமாகியும் புதுசு போலிருந்தால்தான் கவலைப்பட வேண்டும்.

1824-ல் ஆங்கிலேய வேதியியலாளர் ஹம்ப்ரி டேவி இதே தந்திரத்தைப் பிரிட்டிஷ் போர்க்கப்பல்களில் செய்து பார்த்தார். கப்பலடியில் அடித்திருந்த செப்புத்தகட்டைக் காக்க இரும்புக் கட்டிகள். செம்பு கரைவது நின்றது. ஆனால் கரையும் செம்பின் விஷம்தான் அதுவரை கப்பலடியில் ஓட்டோடு ஒட்டிக்கொள்ளும் கொட்டலசு என்னும் உயிரையும் பாசியையும் விரட்டிக்கொண்டிருந்தது. விளைவு, கப்பலடி முழுக்கக் கொட்டலசு.

சரி, பெயின்டைச் சுரண்டினோம். எஞ்சின் மாட்டும் பின்பலகையைச் சுத்தியல் காம்பால் தட்டினோம். உள்ளே பலகை ஊறியிருந்தால் 'டொக்' என்று செத்த சத்தம் வரும், நல்லவேளை வரவில்லை. கியர் எண்ணெய் மட்டும் தேங்காய்ப்பால் போல வந்தது. எண்ணெயும் தெளிவு, தண்ணீரும் தெளிவு. இரண்டும் துளித்துளியாகக் கலந்தால் ஒளி ஒவ்வொரு துளியிலும் சிதறி வெள்ளையாகிவிடும், படகுத் தோலின் அதே கதை. புது எண்ணெய் ஊற்றி மூடினோம்.

படகு வாங்க கோலா குராவிலிருந்து வந்த தவுக்கே (சீன முதலாளி) பளபளப்பைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. எஞ்சினை ஆற்றில் அரைமணி நேரம் ஓட்டச் சொன்னார். நிறுத்தி, தண்ணீரிலேயே ஆறவிட்டார். அதற்குப் பிறகுதான் கீழ்த்திருகைத் திறந்தார். சூடான கியர்ப்பெட்டி குளிரும்போது உள்ளிருக்கும் காற்று சுருங்கி வெளியே உள்ளதை இழுக்கும். தண்ணீரைத் தடுக்கும் சீல் கிழிந்திருந்தால் தண்ணீர் உள்ளே போகும். ஓட்டுவதற்கு முன்பு பொன்னிறமாக இருந்த எண்ணெய் மங்கலான பாலாக வடிந்தது.

விசிறியைக் கழற்றினார்கள். தண்டைச் சுற்றி, சீலை அறுத்துக்கொண்டு, இறுகிப்போன தங்கூசி, அதாவது தூண்டில் நைலான் நூல், வளையமாக. தவுக்கே அதைப் பிடுங்கி உள்ளங்கையில் வைத்து நீட்டினார்.

"பச்சை நூலு... நம்மளோடதுதான்லா" என்றார் சித்தப்பா.