ஃபாரெவர் கெமிக்கல்ஸ்: அழியாததா, சிதையாததா?

‘என்றென்றும் இரசாயனங்கள்’. குடிநீர் பற்றிய செய்தி, காணொளி, வடிகட்டி விளம்பரம் எதை எடுத்தாலும் இந்தத் தொடர் வந்து நிற்கிறது. குடிநீரில் கலந்து எளிதில் உடையாமல் கிடக்கும் பிஃபாஸ் என்ற சேர்மங்களை ஆங்கிலத்தில் ‘ஃபாரெவர் கெமிக்கல்ஸ்’ என்கிறார்கள், அதன் நேர் மொழிபெயர்ப்பு இது. இது தமிழே இல்லை. ‘என்றென்றும்’ ஒரு வினையை எதிர்பார்க்கும் சொல். என்றென்றும் வாழ்க, என்றென்றும் நிலைக்கும் என்போம். அதைக் கொண்டுபோய் ஒரு பெயர்ச்சொல்லின் முன்னால் நிறுத்தினால் படிப்பவர் வினைக்காகக் காத்திருக்க வேண்டியதுதான். என்றென்றும் இரசாயனங்கள் என்ன செய்கின்றன? போதாததற்குத் திருமண வாழ்த்து மடலின் தொனி வேறு. நச்சைப் பற்றிப் பேசும்போது வாழ்த்து எதற்கு?

ஆங்கிலப் பெயருக்கும் வயது அதிகமில்லை. 2018 ஜனவரியில் ஹார்வர்டைச் சேர்ந்த ஜோசப் ஆலன் வாஷிங்டன் போஸ்ட் நாளிதழில் எழுதிய கட்டுரையில் சூட்டிய பட்டப்பெயர் அது. இரண்டு சொற்களின் முதலெழுத்துகள் எஃப், சி. ஃபுளோரினுக்கும் கார்பனுக்கும் வேதியியலில் அவையே குறியீடு. அந்தச் சிலேடை தமிழில் வராது, வரவேண்டும் என்ற அவசியமும் இல்லை. பட்டப்பெயருக்குப் பின்னால் இருப்பது பிஃபாஸ் என்று சுருக்கமாகச் சொல்லப்படும் ஆயிரக்கணக்கான சேர்மங்களின் கூட்டம். கரிம வேதியியலில் கார்பன்-ஃபுளோரின் பிணைப்பைவிட வலுவான ஒற்றைப் பிணைப்பு இல்லை. வெயிலுக்கும் மண்ணின் நுண்ணுயிருக்கும் நம் கல்லீரலுக்கும் அதை உடைக்கும் வலு கிடையாது. ஒட்டாத வாணலி, நனையாத துணி, எண்ணெய் ஊறாத தாள், எண்ணெய்த் தீயை அடக்கும் நுரை என்று இவற்றை எங்கும் பயன்படுத்தியதற்குக் காரணம் அந்த வலுதான். இன்று தலைவலியாக நிற்பதும் அதுவே. பி.எஃப்.ஓ.ஏ. என்ற ஒரு வகை உடலில் சேர்ந்தால், இரத்தத்தில் அதன் அளவு பாதியாகக் குறையவே சில ஆண்டுகள் ஆகும். அதைப் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 2023இல் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் பிரிவில் சேர்த்தது.

பிஃபாஸின் முழுப்பெயரைத் தமிழாக்குகிறவர்கள் பண்ணும் கூத்து தனி. ‘பெர் மற்றும் பாலிஃபுளோரோஅல்கைல் பொருட்கள்’ என்கிறார்கள். ‘பெர்’ என்பது அந்தரத்தில் தொங்குகிறது. அது ஒரு முன்னொட்டு. பிடித்துக்கொள்ள ஒரு சொல் இல்லாமல் அது நிற்காது. ஆங்கிலத்தில் அதன் பின்னால் ஒரு சிறு கோடு போட்டு அதைத் தாங்கியிருக்கிறார்கள். தமிழாக்கியவர் கோட்டைத் தூக்கி எறிந்துவிட்டு ‘மற்றும்’ போட்டுவிட்டார். ஓரிடத்தில் ‘ஒன்றுக்கு மற்றும் பாலிஃபுளோரோ’ என்றே பார்த்தேன். விலைப்பட்டியலில் வரும் ‘பெர்’ என்று இயந்திரம் நினைத்துக்கொண்டது போலும். ‘ஒன்றுக்கு’ என்றால் தமிழர் என்ன புரிந்துகொள்வார்கள் என்று அதற்கு யார் சொல்லித் தருவது? இங்கே ‘பெர்’ என்றால் முழுவதும், ‘பாலி’ என்றால் பல. கார்பன் தொடரில் ஹைட்ரஜன் இருக்க வேண்டிய இடமெல்லாம் ஃபுளோரின் ஏறியிருந்தால் முதல் வகை, பல இடங்களில் மட்டும் ஏறியிருந்தால் இரண்டாம் வகை. ‘ஃபுளோரின் ஏறிய சேர்மங்கள்’ என்றால் பொது வாசகருக்குப் போதும்.

பட்டப்பெயருக்கு வருவோம். ‘நிரந்தர இரசாயனம்’ என்பது அடுத்த வேட்பாளர். இலக்கணப் பிழை இல்லை. ஆனால் தண்ணீரைப் பற்றிப் பேசும்போது மட்டும் இந்தச் சொல் கூடவே கூடாது. ‘நிரந்தரக் கடினத்தன்மை’ என்று பள்ளிப் பாடத்தில் எல்லோரும் படித்திருக்கிறோம். கால்சியம், மெக்னீசியம் ஆகியவற்றின் குளோரைடு, சல்ஃபேட் உப்புகளால் வருவது, கொதிக்க வைத்தாலும் போகாதது. நீரில் ‘நிரந்தரம்’ என்ற அடைமொழி அந்த உப்புகளுக்கு எப்போதோ பட்டா போட்டுக் கொடுத்தாகிவிட்டது. ‘உங்கள் குடிநீரில் நிரந்தர இரசாயனம்’ என்று தலைப்பு வைத்தால், நீரை மென்மையாக்கும் கருவியை மாட்டிவிட்டால் தீர்ந்தது என்றுதான் பாதிப் பேர் நினைப்பார்கள். அந்தக் கருவியில் இருக்கும் பிசின் கால்சியத்தைப் பிடிக்கும். பிஃபாஸ் அதைத் தாண்டிப் போய்க்கொண்டே இருக்கும்.

‘நித்திய இரசாயனம்’ என்று எழுதுகிறவர்களுக்குத் தாங்கள் என்ன சொல்கிறோம் என்றே தெரியவில்லை. ரசாயனம் என்பது பழைய வைத்திய நூல்களில் முதுமையைத் தள்ளிப்போடும் மருந்து. அதற்கு முன்னால் நித்தியத்தையும் சேர்த்தால் கிடைப்பது காயகல்பம். நச்சுக்கு அமிர்தத்தின் பெயர்! இதற்காகவே ‘இரசாயன’த்தை விட்டு ‘வேதிப்பொரு’ளுக்குப் போகலாம் என்பேன். தனித்தமிழ்ப் பிடிவாதம் என்று இதைத் தள்ளிவிட வேண்டாம். ‘வேதி’யின் வேர் தமிழா வடமொழியா என்பதே முடியாத வழக்கு. எனக்கு அது முக்கியமில்லை. ஒன்றை இன்னொன்றாக மாற்றுவதுதான் வேதித்தல். தொட்டதைப் பொன்னாக்கும் பொருளைத் திருமந்திரம் ‘பரிசனவேதி’ என்கிறது. மாற்றத்தைக் குறிக்கும் சொல்லை, எதனாலும் மாறாமல் அடம்பிடிக்கும் பொருளுக்கு வைப்பதில் ஒரு நகைச்சுவையும் இருக்கிறது. இருந்துவிட்டுப் போகட்டும்.

இனி உண்மையான போட்டி. ‘அழியா வேதிப்பொருள்’ என்று எழுதுகிறவர்கள் தமிழ் தெரிந்தவர்கள். எதிர்மறைப் பெயரெச்சத்தின் ஈற்றை வெட்டி ‘அழியா’ என்று நிறுத்துவதில் ஓசையும் இருக்கிறது, சிக்கனமும் இருக்கிறது. அவர்களோடுதான் எனக்குச் சண்டை. அழியாப் புகழ், அழியாச் செல்வம் என்று காலகாலமாகப் பாராட்டுக்கே பழகிய சொல் அது என்பது சிறிய குறை. பெரிய குறை வேறு. அழிதல் தமிழில் இரண்டு வேலை செய்கிறது. ஒன்று, இல்லாமல் போவது. இன்னொன்று, இருந்த இடத்தைவிட்டு நீங்குவது. கரும்பலகையில் எழுத்து அழிகிறது, சட்டையில் கறை அழியவில்லை. ‘அழியா வேதிப்பொருள் குடிநீரில் கலந்துள்ளது’ என்று படிப்பவர் சட்டைக் கறையைத்தான் நினைப்பார். தண்ணீரிலிருந்து அதைப் பிரிக்கவே முடியாது, செய்வதற்கு ஒன்றுமில்லை என்று முடிவு கட்டுவார். வடிகட்டி வாங்கி என்ன பயன் என்று கேட்பவர்களோடு பேசிப் பாருங்கள், ‘அதுதான் அழியாதாமே’ என்பார்கள். ஒரு சொல் செய்த கேடு இது. நீரிலிருந்து இவற்றைப் பிரிக்க முடியும். பிரித்தபின் அவை சிதைந்து போவதில்லை என்பதுதான் சிக்கல்.

அதே குழப்பம் எதிர்த் திசையிலும் வேலை செய்கிறது. வடிகட்டி விற்பவர் ‘பிஃபாஸை 99 சதவீதம் அழிக்கும்’ என்று போடுகிறார். வீட்டில் மாட்டும் எந்தக் கருவியும் அதை அழிப்பதில்லை. நீரிலிருந்து எடுத்து வேறோரிடத்தில் வைக்கிறது, அவ்வளவுதான். நீக்கும், அகற்றும், பிரிக்கும் என்று மூன்று நல்ல சொற்கள் கையில் இருக்க, கிருமிநாசினி விளம்பரத்திலிருந்து ‘அழிக்கும்’ என்பதைத் தூக்கிக்கொண்டு வருகிறார்கள்.

ஆகவே ‘சிதையா வேதிப்பொருள்’. மூலக்கூறு உடைவதற்குச் ‘சிதைவு’ என்று அறிவியல் தமிழில் ஏற்கெனவே வழங்குகிறது. வெப்பச் சிதைவு, உயிரிச் சிதைவு என்று பாடநூல்களிலேயே இருக்கிறது. ‘சிதையா’ என்றால் பொருள் தானாக உடையாது என்பது மட்டுமே கிடைக்கும். ஓரிடத்தைவிட்டு இன்னோரிடத்துக்குப் போகுமா, போகாதா என்பதைப் பற்றி அந்தச் சொல் வாய் திறக்காது. நமக்கு வேண்டியது அந்த அடக்கம்தான். ‘சிதை’ பிணத்தை எரிக்கும் அடுக்காயிற்றே என்று ஒரு நண்பர் முகம் சுளித்தார். ‘சிதையா’ என்ற எச்சத்தைப் பார்த்து யாருக்கும் சுடுகாடு நினைவுக்கு வருவதாக நான் நம்பவில்லை.

சிதைக்கவே முடியாதா என்றால், முடியும். சிதைதல் தன்வினை, சிதைத்தல் பிறவினை. தானாகச் சிதையாததை நாம் சிதைக்கலாம். ஆயிரம் டிகிரிக்கு மேல் சரியாக எரித்தால் உடையும். 2022இல் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தின் வில்லியம் டிக்டெல் குழு, இவற்றில் கார்பாக்சிலிக் அமில வகையைச் சோடியம் ஹைட்ராக்சைடோடும் டி.எம்.எஸ்.ஓ. என்ற கரைப்பானோடும் சேர்த்து 80 முதல் 120 டிகிரி செல்சியஸ் சூட்டிலேயே உடைத்துக் காட்டியது. இரண்டும் வீட்டில் செய்கிற காரியம் அல்ல.

‘மக்கா வேதிப்பொருள்’ என்று ஒரு கட்சி இருக்கிறது. மக்கும் குப்பை, மக்காத குப்பை என்று எல்லோருக்கும் தெரிந்த சொல் இருக்கப் புதிதாக எதற்கு என்பது அவர்கள் வாதம். தெரிந்த சொல் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இலையும் தழையும் சாணமும் மண்ணோடு மண்ணாவதுதான் மக்குதல். உப்பு மக்காது, ஈயம் மக்காது, கண்ணாடி மக்காது. அவற்றையெல்லாம் யாரும் இந்தப் பட்டியலில் சேர்ப்பதில்லையே. மேலும் ‘மக்காத’ என்றதும் கண்ணில் தெரிவது நெகிழிப் பை, அள்ளி எடுத்து வேறு தொட்டியில் போடக்கூடிய ஒன்று. இதுவோ நீரில் கரைந்து நிறமில்லாமல் மணமில்லாமல் வருவது. ‘மக்கா’ என்றே ஒருவரை ஒருவர் அழைத்துக்கொள்பவர்கள் அந்தத் தலைப்பைப் படித்துவிட்டு என்ன சொல்வார்கள் என்பதையும் கொஞ்சம் யோசிக்கலாம்.

சொல் சரியாக அமைந்தால் நீக்கும் வழியும் தெளிவாகும். கொதிக்க வைப்பது கிருமிக்கு. சிதையாப் பொருளைக் கொதிக்க வைத்தால் நீர்தான் ஆவியாகும், அது பாத்திரத்திலேயே தங்கி முன்னைவிடச் செறிவாகும். புறஊதா விளக்கும் குளோரினும் கிருமிக்கே. மண்துகள் பிடிக்கும் பஞ்சு வடிகட்டி இந்த விஷயத்தில் இருப்பதும் ஒன்று, இல்லாததும் ஒன்று. இத்தனையையும் ‘சுத்திகரிப்பு’ என்ற ஒரே மூட்டையில் கட்டிவிட்டதால், கருவியில் விளக்கு எரிந்தால் எல்லாம் போய்விட்டது என்று மக்கள் நிம்மதியாக இருக்கிறார்கள்.

வேலைக்கு ஆவது மூன்று. செயலூட்டிய கரி, அயனிப் பரிமாற்றப் பிசின் (மென்மையாக்கும் கருவியில் இருப்பது அல்ல, பிஃபாஸைப் பிடிக்கும் வகை), ஆர்.ஓ. கரியைப் பற்றி எழுதும்போது ‘உறிஞ்சும்’ என்று எழுதாதீர்கள். உறிஞ்சுவது உள்ளே இழுப்பது. கரி தன் நுண்துளைகளின் பரப்பில் ஒட்டிவைத்துக்கொள்கிறது. அதற்குப் ‘பரப்புக் கவர்தல்’ என்று அழகான சொல் பாடநூலிலேயே இருக்கிறது. இந்த வேறுபாடு தெரிந்தால்தான் கரி ஏன் ஒருநாள் கைவிடுகிறது என்பது புரியும். பரப்பு நிரம்பியதும் புதிதாக வருவதற்கு இடமில்லை. நீண்ட கார்பன் தொடர் உள்ளவை நன்றாக ஒட்டும், குறுந்தொடர் உள்ளவை சீக்கிரம் நழுவும். நிரம்பிய கரியில் முன்பு ஒட்டிய குறுந்தொடர்களை நெடுந்தொடர்கள் தள்ளிவிட்டு இடம் பிடிப்பதும் உண்டு. அப்போது வடிகட்டிய நீரில் அந்தக் குறுந்தொடர்கள் வடிகட்டாத நீரைவிடக் கூடுதலாக இருக்கலாம். சுவையிலோ மணத்திலோ எதுவும் தெரியாது. ஆகையால் கரிக் குப்பியைக் குறித்த லிட்டர் ஓடியதும் மாற்றத்தான் வேண்டும். ‘இன்னும் தண்ணீர் நன்றாகத்தானே வருகிறது’ என்பது இங்கே செல்லாது.

ஆர்.ஓ. பாடநூலில் ‘எதிர் சவ்வூடு பரவல்’. வீட்டில் யாரும் அப்படிச் சொல்வதில்லை, சொல்லவும் வேண்டாம். அழுத்தத்தில் நீரைச் சவ்வின் வழியே தள்ளும். குறுந்தொடர் உட்படப் பெரும்பகுதியைத் தடுத்துவிடும். அமெரிக்காவில் டியூக், வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2020இல் வெளியிட்ட ஆய்வில் வீட்டு ஆர்.ஓ. கருவிகள் 94 சதவீதமோ அதற்கு மேலோ நீக்கின. கரி வடிகட்டிகளின் சராசரி 73 சதவீதம், அதிலும் கருவிக்குக் கருவி பெரிய வேறுபாடு. தடுக்கப்பட்டது எங்கே போகிறது? கழிவுக் குழாய் வழியே வெளியேறும் நீரில் முன்னிலும் செறிவாக இருக்கிறது. தீர்ந்த கரிக் குப்பி குப்பைக்குப் போனால் அதில் ஒட்டியதும் கூடவே போகிறது. இதைத்தான் ‘அழிக்கும்’ என்று விற்கிறார்கள். வாங்குகிறவர் பார்க்க வேண்டியது அந்தச் சொல்லை அல்ல. கரிக்கு என்.எஸ்.எஃப்/ஆன்சி 53, ஆர்.ஓ.வுக்கு 58 என்ற அமெரிக்கத் தரச்சான்று இருக்கிறதா, அந்தச் சான்றில் பிஃபாஸ் குறைப்பு என்று தனியாகக் குறித்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். எண் மட்டும் இருந்தால் அது ஈயத்துக்கோ வேறு எதற்கோ வாங்கிய சான்றாகவும் இருக்கலாம்.

மொழிபெயர்ப்பாளர்களிடம் இன்னொரு விண்ணப்பம், இது சொல்லைப் பற்றியதல்ல, எண்ணைப் பற்றியது. அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 2024 ஏப்ரலில் பி.எஃப்.ஓ.ஏ., பி.எஃப்.ஓ.எஸ். என்ற இரண்டு பிஃபாஸ் வகைகளில் ஒவ்வொன்றுக்கும் குடிநீரில் விதித்த வரம்பு லிட்டருக்கு 4 நானோகிராம். ஆங்கிலத்தில் இதை டிரில்லியனில் 4 பங்கு என்பார்கள். டிரில்லியன் என்றால் லட்சம் கோடி. ஐரோப்பிய ஒன்றியம் 20 சேர்மங்களைக் கூட்டி 0.1 மைக்ரோகிராம் என்கிறது, அதாவது 100 நானோகிராம். இரண்டையும் ஒரே அலகுக்கு மாற்றாமல் 4க்கும் 0.1க்கும் நடுவே நின்றுகொண்டு ஐரோப்பாதான் கடுமை என்று ஒருவர் எழுதியிருந்தார். இன்னொருவர் டிரில்லியனைப் ‘பத்து லட்சம்’ ஆக்கிவிட்டார். பத்து லட்சத்தில் 4 பங்கு என்றால் லிட்டருக்கு 4 மில்லிகிராம், சட்டம் சொன்னதைப் போலப் பத்து லட்சம் மடங்கு.