சொல் விளக்கம்: கொன்வென்ட்

கொழும்பில் "மகள் எங்கே படிக்கிறாள்?" என்று கேட்டால், "கொன்வென்டில்" என்று பதில் வரும். கொட்டாஞ்சேனையா, பம்பலப்பிட்டியா என்பது அடுத்த கேள்வி. முன்னதில் இருப்பது நல்லாயன் கொன்வென்ட், பின்னதில் திருக்குடும்பக் கொன்வென்ட். சொல்லைக் கேட்டதும் வெள்ளைச் சீருடையும் இரட்டைப் பின்னலும் காலையில் வாசலை அடைத்து நிற்கும் ஸ்கூல் வான்களும்தான் நினைவுக்கு வருகின்றன. சொல்லின் பொருளோ அந்த மதிலுக்குள் இன்னும் கொஞ்சம் தள்ளி, பாடசாலைக்குப் பின்னால் அருட்சகோதரிகள், அதாவது கத்தோலிக்கப் பெண் துறவியர், குடியிருக்கும் வீட்டில் இருக்கிறது. கொன்வென்ட் என்பது அந்த வீடு. பாடசாலை அந்த வீட்டார் செய்யும் பணிகளில் ஒன்று.

வேர் லத்தீன். 'கொன்' என்றால் சேர்ந்து, 'வெனீரே' என்றால் வருதல். இரண்டும் இணைந்து பிறந்த 'கொன்வென்துஸ்' முதலில் வெறும் கூட்டத்தைத்தான் குறித்தது. நம் சங்கங்களில் கூட்டத்தைக் கூட்டுபவரைக் கன்வீனர் என்கிறோமே, அதுவும் இதே வேர்தான். துறவிகள் ஒரே கூரையின்கீழ் வாழத் தொடங்கிய பிறகு அவர்கள் குழுவுக்கும், நாளடைவில் அவர்கள் வீட்டுக்கும் இந்தப் பெயர் வந்தது. அப்போது இது பெண்களுக்கு மட்டும் உரிய சொல்லாகவும் இல்லை. லண்டனின் கொவென்ட் கார்டன், வெஸ்ட்மின்ஸ்டர் மடத்து ஆண் துறவிகளின் தோட்டமாக இருந்த இடம். ஆங்கிலத்தில் பெண் துறவியர் வீடு என்று பொருள் சுருங்கியது பிற்காலத்தில்தான்.

இலங்கைக்கு அருட்சகோதரிகள் 19ஆம் நூற்றாண்டில் வந்தார்கள். பிரான்ஸின் போர்தோ நகரில் 1820இல் தொடங்கிய திருக்குடும்ப சபையினர் 1862இல் யாழ்ப்பாணத்தில் இறங்கினார்கள். நல்லாயன் சகோதரிகள் 1869இல் கொழும்புக்கு வந்தார்கள். போன இடமெல்லாம் வீட்டோடு சேர்த்துப் பெண்பிள்ளைகளுக்குப் பாடசாலையும் நடத்தினார்கள். ஊரார் பார்த்தது பாடசாலையைத்தான், அதனால் வீட்டின் பெயர் பாடசாலைக்கு ஒட்டிக்கொண்டது. 1960இல் அரசு, தன் நிதியுதவி பெறும் பாடசாலைகளைப் பொறுப்பேற்கச் சட்டம் கொண்டுவந்தபோது, சகோதரிகள் நடத்திய பாடசாலைகள் பலவும் அரசிடம் போயின. நிர்வாகம் மாறிய பிறகும் ஊர்வாயில் அவை கொன்வென்டாகவே இருந்தன.

தமிழில் என்ன சொல்வது? நம்மிடம் ஏற்கெனவே நல்ல சொல் இருக்கிறது: கன்னியர் மடம். 'மடம்' சைவத் துறவிகளின் இருப்பிடத்துக்கு வழங்கிய பெயர். ஈழத்தில் அதற்கு வழிப்போக்கர் தங்கும் இடம் என்ற பொருளும் உண்டு. பருத்தித்துறையின் தெருமூடிமடம் அப்படிப்பட்டது. 'அச்சம், மடம், நாணம்' என்று வரும் மடம் வேறு சொல், அதை இதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். சிங்களத்தில் 'கன்யாராமய' என்கிறார்கள். 'ஆராமய' பௌத்தத் துறவிகளின் உறைவிடம். ஐரோப்பாவிலிருந்து வந்த ஒரு வாழ்க்கை முறைக்கு ஒரு மொழி சைவ மரபிலிருந்தும் மற்றது பௌத்த மரபிலிருந்தும் சொல் கொடுத்து வரவேற்றிருக்கிறது. கொழும்புக்கு இது பெருமை என்றே நினைக்கிறேன்.

ஆனாலும் 'கன்னியர்' என்ற பகுதி எனக்கு முழுத் திருப்தி தரவில்லை. அருட்சகோதரி கொடுக்கும் வார்த்தைப்பாடுகள், அதாவது துறவற வாக்குறுதிகள், மூன்று: கற்பு, ஏழ்மை, கீழ்ப்படிதல். 'கன்னியர்' முதலாவதை மட்டும் சொல்கிறது. 'கன்னியாஸ்திரி' என்ற பழைய சொல்லும் அப்படித்தான். மற்ற இரண்டும் தெரிய வேண்டுமானால் அந்த வீட்டின் ஒரு சாதாரண நாளைப் பார்க்க வேண்டும். ஆசிரியையாக வேலை செய்யும் சகோதரியின் சம்பளம் வீட்டின் பொதுப் பணத்தில் சேர்கிறது. செருப்பு அறுந்தால் புதியதை வாங்கத் தலைவியிடம் கேட்க வேண்டும். விடியலில் சிற்றாலயத்தில் செபம், திருப்பலி, பிறகு அவரவர் பணி. மாலையில் திரும்பவும் செபம், ஒரே மேசையில் சாப்பாடு. இருபத்தைந்து வயதுக்காரியும் எண்பது வயதுக்காரியும், தமிழும் சிங்களமும் பேசுகிறவர்களும் ஒரே வீட்டில். இடமாற்றம் வந்தால் பெட்டியைக் கட்டிக்கொண்டு அடுத்த ஊருக்குப் போக வேண்டியதுதான். 'சேர்ந்து வருதல்' என்ற பழைய பொருள் இங்கே தினமும் நடக்கிறது.

எல்லாக் கொன்வென்டிலும் பாடசாலை இருப்பதில்லை. ஏழைகளின் சிறிய சகோதரிகள் 1888இல் கொழும்புக்கு வந்தவர்கள். அவர்கள் பணி வறிய முதியோரைப் பராமரிப்பது. 1839இல் பிரான்ஸில் ழான் ஜுகான் என்ற பெண், பார்வையற்ற ஒரு முதியவளைத் தன் கட்டிலில் படுக்க வைத்ததிலிருந்து அந்தச் சபை தொடங்கியது. மூன்று வார்த்தைப்பாடுகளோடு நான்காவதாக அவர்கள் கொடுப்பது விருந்தோம்பல். தமிழருக்கு இதற்கு உரை எழுதத் தேவையில்லை.

சரி, எழுதும்போது எதைப் பயன்படுத்துவது? நிறுவனத்தின் பெயராக இருந்தால் கன்னியர் மடம் என்றே எழுதுங்கள். வழக்கில் ஊன்றிய பெயரை மாற்றக் கூடாது. பொதுவாக வீட்டைச் சொல்லும்போது துறவியர் இல்லம் அல்லது அருட்சகோதரிகள் இல்லம் பொருத்தம். அங்கே இருப்பவரை அருட்சகோதரி என்று எழுதுங்கள், நேரில் சிஸ்டர் என்று கூப்பிடுவதில் பிழையில்லை. பாடசாலையைக் குறிக்கும் இடத்தில் மட்டும் கொன்வென்டை விட்டுவைக்கலாம் (யாழ்ப்பாண எழுத்து வழக்கில் கொன்வென்ற்). "மகளைக் கொன்வென்டில் சேர்த்தோம்" என்றால் முதலாம் வகுப்பு. "மகள் மடத்துக்குப் போய்விட்டாள்" என்றால், அவள் துறவறம் பூண்டுவிட்டாள்.