எவ்வளவு ஓடலாம்? இதயக் குறைபாட்டுடன் பிறந்த குழந்தைக்குக் கைப்பட்டை போடும் கணக்கு

பிறக்கும் குழந்தைகளில் ஏறக்குறைய 100க்கு ஒருவருக்கு இதயத்தில் ஏதோ ஒரு குறைபாடு இருக்கிறது. இதயச் சுவரில் ஒரு சிறு ஓட்டை, இடம் மாறிய பெரிய ரத்தக் குழாய்கள், ஒரே ஒரு கீழறை (ரத்தத்தை வெளியே தள்ளும் அறை) மட்டும் சரியாக வளர்ந்த இதயம் என்று இதில் பல வகை. அறுவை சிகிச்சைகள் தேறிவிட்டதால், நல்ல மருத்துவ வசதி கிடைக்கும் இடங்களில் இவர்களில் பெரும்பாலோர் வளர்ந்து பெரியவர்களாகிறார்கள். ஆனால் வீட்டில் "ஓடாதே, மூச்சு வாங்கும்" என்ற அதட்டல் மட்டும் நிற்பதில்லை.

பெற்றோரைக் குறை சொல்ல முடியாது. ஆனாலும் அந்த அதட்டலால் தசை மெலிகிறது, எடை ஏறுகிறது, கொஞ்சம் ஓடினாலே களைப்பு வருகிறது. களைப்பைப் பார்த்துப் பயம் இன்னும் கூடுகிறது. இவர்களில் பெரும்பாலோரை ஓடி ஆடச் சொல்லி ஊக்குவிக்க வேண்டும் என்று அமெரிக்க இதயச் சங்கம் 2013இலேயே அறிக்கை வெளியிட்டது.

ஒற்றைக் கீழறைக் குழந்தைகளின் கதை இதில் தனி. அவர்களுக்குச் செய்யப்படும் ஃபோன்டான் அறுவை சிகிச்சையில், உடலிலிருந்து திரும்பும் ரத்தம் நேராக நுரையீரலுக்குத் திருப்பிவிடப்படுகிறது. நடுவில் அதைத் தள்ள பம்ப் கிடையாது. அப்படியானால் யார் தள்ளுவது? மூச்சை இழுக்கும்போது மார்புக்குள் அழுத்தம் குறைந்து ரத்தம் மேலே இழுபடுகிறது. நடக்கும்போது கெண்டைக்கால் தசை சிரைகளை, அதாவது ரத்தத்தை இதயத்துக்குத் திருப்பிக் கொண்டுவரும் குழாய்களை, பிழிகிறது. உள்ளே இருக்கும் வால்வுகள் ரத்தத்தைக் கீழே இறங்க விடுவதில்லை. எல்லோருக்கும் நடப்பதுதான் இது. இந்தக் குழந்தைகளோ இதைக் கூடுதலாக நம்பியிருக்கிறார்கள். கால் தசை வலுவாக இருப்பது இவர்களுக்கு ரத்த ஓட்டத்துக்கே உதவி.

சரி, எவ்வளவு ஓடலாம்? அசைவையும் நாடித்துடிப்பையும் அளக்கும் கைப்பட்டையும், அதோடு சேர்ந்த கைபேசிச் செயலியும் நுழைவது இங்கேதான். பட்டைக்குள் அசைவை அளக்கும் முடுக்கமானி, நுண்ணிய ஸ்பிரிங்குகளில் தொங்கும் ஒரு சிலிக்கான் துண்டு. கை அசைந்தால் துண்டு விலகும். அந்த விலகல் மின்சார மாற்றமாகப் பதிவாகும். நொடிக்குப் பல முறை, மூன்று திசைகளிலும் இப்படி அளக்கிறார்கள். குழந்தைகளிடம் ஒரு சிக்கல் உண்டு. அவர்கள் அரை மணி நேரம் ஒரே சீராக ஓடுவதில்லை. சில நொடிகள் பாய்ந்து ஓடுவார்கள், நிற்பார்கள், மறுபடி பாய்வார்கள். நிமிடத்துக்கு ஒரு சராசரி எடுத்தால் அந்தப் பாய்ச்சல்கள் கரைந்துபோகும். அதனால் சில நொடிகளுக்கு ஒரு முறை கணக்கெடுக்க வேண்டியிருக்கிறது.

நாடித்துடிப்பை அளக்கப் பட்டையின் அடியில் ஒரு பச்சை விளக்கு. ரத்தம் பச்சை ஒளியை நன்றாக உறிஞ்சும். ஒவ்வொரு துடிப்புக்கும் தோலடியில் ரத்தம் கூடிக் குறைவதால், திரும்பி வரும் ஒளியும் ஏறி இறங்கும். கை வேகமாக ஆடினாலோ துடிப்பே ஒழுங்கற்று இருந்தாலோ இந்த எண் தடுமாறும்.

அதைவிடப் பெரிய விஷயம், அந்த எண்ணை எதோடு ஒப்பிடுவது என்பது. 220இலிருந்து வயதைக் கழிக்கும் வாய்பாடு இவர்கள் பலருக்குப் பொருந்தாது. சில இதயங்கள் உழைப்புக்கு ஏற்றபடி வேகமெடுக்காது. பேஸ்மேக்கரும் சில மருந்துகளும் வேகத்தைக் கட்டுப்படுத்தும். எனவே முதலில் மருத்துவமனையில், சைக்கிளிலோ டிரெட்மில்லிலோ மூச்சையும் இசிஜியையும் அளந்து, அந்தக் குழந்தைக்கே உரிய வரம்பைக் கண்டுபிடிக்கிறார்கள். செயலியில் அதுதான் ஏற்றப்படும். இலக்கும் அப்படித்தான்: அவரவர் நேற்று வரை நடந்த அளவிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுவது. (தினம் 10,000 அடி என்ற புகழ்பெற்ற எண், 1960களில் ஜப்பானில் விற்ற ஓர் அடிமானியின் பெயரிலிருந்து வந்தது. மருத்துவ ஆராய்ச்சியில் பிறந்ததல்ல.)

இவ்வளவும் செய்தால் குழந்தைகள் ஓடிவிடுவார்களா? டென்மார்க்கில் சிக்கலான இதயக் குறைபாடுள்ள 158 பதின்வயதினரை வைத்து ஓர் ஆண்டு நடந்த ஆய்வின் முடிவு 2016இல் வந்தது. செயலி வழியாக ஊக்கம் பெற்றவர்களின் உடல் திறன், பெறாதவர்களைவிடக் கூடவில்லை. பலர் செயலியைத் தொடர்ந்து திறக்கவே இல்லை. ஜெர்மனியில் இணையம் வழியாக வீட்டுப் பயிற்சி கொடுத்துப் பார்த்தபோதும் பெரிய பலன் தெரியவில்லை.

எனக்கு இதில் ஆச்சரியமில்லை. அடிகளை எண்ணுவது இயந்திரத்துக்குச் சுலபம். குழந்தையைத் தடுத்து வைத்திருப்பதோ பயம். "உன் இதயம் இந்த அளவைத் தாங்கும், நாங்கள் சோதித்துப் பார்த்துவிட்டோம்" என்று சொல்ல ஓர் ஆள் வேண்டும். பயிற்சியாளர் வாரம் ஒரு முறை வீடியோ அழைப்பில் வந்து, பதிவானதைப் பார்த்துப் பேசி, வரம்பைத் திருத்தும் திட்டங்கள் மேல்தான் எனக்கு நம்பிக்கை அதிகம். அந்த அழைப்பில் பெற்றோரும் உட்கார வேண்டும். அதட்டுவது அவர்கள்தானே.

எல்லோருக்கும் எல்லா விளையாட்டும் சரிப்படாது. ரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுப்பவர்களும் பேஸ்மேக்கர் வைத்தவர்களும் முட்டி மோதும் ஆட்டங்களை மருத்துவரிடம் கேட்டுத்தான் ஆட வேண்டும். பெருந்தமனி வால்வு மிகவும் சுருங்கியிருந்தால் கடும் பயிற்சியே ஆபத்து. ஓடும்போது நெஞ்சு வலித்தாலோ மயக்கம் வந்தாலோ, பட்டை எந்த எண்ணைக் காட்டினாலும் உடனே நிறுத்திவிட்டு மருத்துவரைப் பார்க்க வேண்டும்.