ஈரக் கால்தடம் மட்டும் போதாது

"குளித்துவிட்டு வந்தால் என் கால்தடம் முழுசாகப் பதிகிறது. பாத வளைவு இறங்கிவிட்டதா?" என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். தடத்தை மட்டும் வைத்து முடிவுகட்ட முடியாது. சிறுவயதிலிருந்தே தட்டைப் பாதம் உள்ள பலர் வலியே இல்லாமல் நடக்கிறார்கள், ஓடுகிறார்கள். முன்பு இருந்த வளைவு இப்போது இறங்குகிறதா என்பதுதான் கேள்வி.

ஒரு சோதனை. நேராக நில்லுங்கள். யாரையாவது உங்கள் கால் பெருவிரலை மேல்நோக்கித் தூக்கச் சொல்லுங்கள். பாதத்தின் உட்புறம் தானாகவே வில் போல எழும்! குதிகாலிலிருந்து விரல்களின் அடிவரை ஒரு தடித்த பட்டை ஓடுகிறது. விரலைத் தூக்கினால் அது விரலடி மூட்டைச் சுற்றி இழுபடும். பட்டை அதிகம் நீளாது. அதனால் குதிகாலும் முன்பாதமும் நெருங்கி, வளைவு உயர்கிறது. நங்கூரச் சங்கிலியைச் சுற்றி இழுக்கும் கப்பல் உருளையோடு இதை ஒப்பிட்டு 1954இல் ஹிக்ஸ் என்பவர் விளக்கினார். தரையில் ஊன்றும்போது நெகிழ்ந்து கொடுக்கும் அதே பாதம், குதிகால் எழுந்து விரல்கள் மேல்நோக்கி மடங்கியதும் விறைத்த நெம்புகோலாகிவிடுகிறது. ஒவ்வொரு அடியிலும் இது நடக்கிறது. எனக்கு இன்னும் ஆச்சரியம் அடங்கவில்லை.

சரி, விரலைத் தூக்கியும் வளைவு எழவில்லையா? மருத்துவரிடம் காட்டுங்கள்.

பெரியவர்களுக்கு வளைவு இறங்கப் பெரும்பாலும் காரணம், உட்கணுக்காலுக்குப் பின்னால் இறங்கும் ஒரு தசைநாண் நைந்துபோவது. முதலில் அங்கே வலியும் வீக்கமும் வரும். நின்றால், நடந்தால் கூடும். செருப்பின் உள்விளிம்பு சீக்கிரம் தேயலாம். பின்னாலிருந்து பார்த்தால் குதிகால் வெளிப்பக்கம் சாய்ந்து, மற்ற காலைவிட அதிக விரல்கள் எட்டிப் பார்க்கும். அப்புறம், அந்த ஒற்றைக் காலில் நின்று குதிகாலைத் தூக்க முடியாமல் போகும். ஒரு காலில் மட்டும் இப்படியென்றால் தள்ளிப்போட வேண்டாம்.

தத்தித் தத்தி நடக்கும் குழந்தைகளுக்குப் பாதம் தட்டையாக இருப்பது இயல்பு. வளைவு வளர வளரத்தான் தெரியும். வலியில்லாத குழந்தைக்கு காலணிக்குள் வைக்கும் விலையுயர்ந்த அட்டைகளை விற்பது எனக்குப் பிடிக்காத வியாபாரம்.

நீரிழிவால் கால் உணர்ச்சி குறைந்தவர்களுக்கு மட்டும் வேறு கணக்கு. பாதம் சிவந்து, வீங்கி, சூடாக இருந்தால், வலி இல்லாவிட்டாலும், எலும்புகள் உள்ளே நொறுங்கிக்கொண்டிருக்கலாம். அவர்கள் இந்தச் சோதனை எதையும் செய்யாமல், அந்தக் காலை ஊன்றாமல், அன்றைக்கே மருத்துவரைப் பார்க்க வேண்டும்.