பாதி கட்டிய கிட் விமானத்தை வாங்கும் முன்: அமெரிக்காவின் 51 சதவீத விதியும் அதன் காகிதங்களும்

அமெரிக்காவில் வீட்டுக் கராஜில் கட்டத் தொடங்கிப் பாதியில் நின்றுபோன கிட் விமானங்கள் (பாகங்களாக வாங்கி நாமே இணைத்துக் கட்டுபவை) எப்போதும் விற்பனைக்கு இருக்கின்றன. கட்டியவர் இறந்திருப்பார், அல்லது உடல்நிலையால் பறக்கும் தகுதியை இழந்திருப்பார், அல்லது மணமுறிவில் வீட்டோடு கராஜும் கைமாறியிருக்கும். புதிய கிட்டுக்கு ஆர்டர் கொடுத்துக் காத்திருப்பதைவிட இது மலிவாகவும் விரைவாகவும் தெரிவதால், வாங்குபவர் இறக்கையைத் தட்டிப் பார்த்து, ரிவெட் ஆணி வரிசையின் நேர்த்தியில் மயங்கி, டிரெய்லரில் ஏற்றிக்கொண்டு வந்துவிடுகிறார். அலுமினியத்தில் ஒரு குறையும் சொல்ல முடியாத விமானங்கள் சான்றிதழ் கிடைக்காமல் ஹேங்கரில் தூசி படிந்து நிற்பதை நான் பார்த்திருக்கிறேன். ஏறக்குறைய எல்லாவற்றிலும் காரணம் காகிதம்தான்.

விதியைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். கூட்டாட்சி விமானப் போக்குவரத்து நிர்வாகமான எஃப்.ஏ.ஏ., 21.191 என்ற பிரிவின் கீழ் அமெச்சூர்கள் கட்டிய விமானங்களுக்கு 'எக்ஸ்பெரிமென்டல்' (சோதனை) வகைப் பறக்கும் தகுதிச் சான்றிதழ் தருகிறது. விமானத்தின் பெரும்பகுதியை, தம் கல்விக்காகவோ பொழுதுபோக்குக்காகவோ மட்டும் அந்த வேலையில் இறங்கியவர்கள் செய்து இணைத்திருக்க வேண்டும் என்பதே நிபந்தனை. இதைத்தான் எல்லோரும் 51 சதவீத விதி என்கிறார்கள். ஒரே ஆள் கட்டியிருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. முந்தைய சொந்தக்காரர் அமெச்சூராகச் செய்த வேலையும் கணக்கில் சேரும். ஆனால் அவர் அப்படித்தான் செய்தார் என்று காட்ட வேண்டிய பொறுப்பு, விமானத்தோடு சேர்ந்து உங்கள் தலைக்கு வந்துவிடுகிறது.

இதற்கும் முன்னால் ஒரு கேள்வி இருக்கிறது. நம்மவர்களில் பலர் பணத்தைக் கொடுத்த பிறகே அதை எதிர்கொள்கிறார்கள். அமெரிக்காவில் விமானத்தைத் தம் பெயரில் பதிவு செய்ய ஒருவர் அந்நாட்டுக் குடிமகனாகவோ, கிரீன் கார்டு பெற்ற நிரந்தரக் குடியிருப்பாளராகவோ இருக்க வேண்டும். ஹெச்-1பி விசாவில் எத்தனை ஆண்டுகள் வரி கட்டியிருந்தாலும், விமானி உரிமம் கையில் இருந்தாலும், தனிநபராகப் பதிவு செய்ய முடியாது. டிரஸ்ட் வழியாகப் பதிவு செய்யும் முறை உண்டு. அதற்கு வழக்கறிஞரும் ஆண்டுச் செலவும் வேண்டும், பாதி விலையில் வாங்கிய கிட்டின் இலாபம் அதிலேயே கரைந்துவிடும். கிரீன் கார்டு வைத்திருப்பவர்களுக்கும் ஒரு கண்ணி உண்டு: நண்பர்கள் சேர்ந்து கூட்டு நிறுவனமாகப் பதிவு செய்தால், கூட்டாளிகள் ஒவ்வொருவரும் குடிமக்களாக இருந்தாக வேண்டும். இதையெல்லாம் எந்த விற்பனையாளரும் உங்களுக்குச் சொல்லப்போவதில்லை. அவருக்குச் சொல்ல வேண்டிய கடமையும் இல்லை.

இனி, கட்டுமானப் பதிவேடு. எந்த நாளில் எந்தப் பாகத்தில் என்ன வேலை நடந்தது, யார் செய்தார் என்ற குறிப்புகளும் புகைப்படங்களும் அடங்கிய இந்தப் பதிவேட்டை, விற்கும் குடும்பத்தினர் பெரும்பாலும் ஒரு பழைய நோட்டாகவே பார்க்கிறார்கள். கராஜைக் காலி செய்யும்போது அதைக் குப்பையில் போட்டுவிட்டு, இயந்திரத்தை மட்டும் பத்திரமாகத் துணி போர்த்தி வைத்திருந்த வீட்டை நான் அறிவேன். வாங்கியவருக்குக் கிடைத்தது அந்த இயந்திரம், உடற்பகுதி, இரண்டு இறக்கைகள், ஒரு பெட்டி நிறைய ரிவெட்டுகள். அந்த வேலையை இறந்துபோனவர் தம் கையால் செய்தாரா, கூலிக்கு ஒரு பட்டறையிடம் விட்டாரா என்பதற்கு உலகத்தில் ஒரு சாட்சியும் மிஞ்சவில்லை. ஆகவே பார்க்கப் போகும்போது முதலில் பதிவேட்டைக் கேளுங்கள். வேலை நடக்கும் படத்தில் கட்டியவரின் முகமும் கையில் இருக்கும் கருவியும் சேர்ந்து விழுந்திருக்கிறதா என்று பாருங்கள். முடிந்த இறக்கையின் அழகான படம் யார் கட்டினார் என்பதைச் சொல்லாது. அவர் மின்னஞ்சலிலோ கைப்பேசியிலோ வைத்திருந்த படங்களையும் வாங்கிக்கொள்ளுங்கள். உயிரோடு இருக்கிறார் என்றால், எந்தெந்த வேலையைத் தாம் செய்தார், எதற்குக் காசு கொடுத்து ஆள் வைத்தார் என்று கையெழுத்திட்ட ஒரு கடிதத்தைப் பணம் கைமாறும் முன்பே பெற்றுவிடுங்கள். பிறகு கேட்டால் அவருக்கு நேரம் இருக்காது.

கூலிக்கு ஆள் வைத்ததுதான் இந்த விதியின் ஆபத்தான இடம். எஃப்.ஏ.ஏ.வின் 8000-38 என்ற சரிபார்ப்புப் பட்டியல் வேலைகளைத் தனித்தனியாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் கிட் தயாரிப்பாளர் செய்தாரா, கூலிப் பட்டறை செய்ததா, அமெச்சூர் செய்தாரா என்று பத்தி பத்தியாகக் கணக்கெடுக்கிறது. 'குவிக்பில்ட்' எனப்படும் கிட்டுகளில் இறக்கையும் உடற்பகுதியும் தொழிற்சாலையிலேயே பெருமளவு ரிவெட் அடிக்கப்பட்டு வருகின்றன. எஃப்.ஏ.ஏ.வின் மதிப்பீட்டுப் பட்டியலில் இடம்பெற்ற கிட்டாக இருந்தால், நீங்கள் மீதியை முடித்தால் விதி நிறைவேறும் என்பது உண்மை. ஆனால் தொழிற்சாலையின் பங்கே அனுமதிக்கப்பட்ட எல்லையை ஒட்டி நிற்பதால், மீதியிலிருந்து ஓரிரு பெரிய வேலைகளை முந்தைய சொந்தக்காரர் பட்டறைக்குத் தள்ளியிருந்தாலே கணக்கு கவிழ்ந்துவிடும். விளம்பரத்தில் 'தொழில்முறைக் கைவண்ணம்' என்று பெருமையாக எழுதியிருந்தால், அதை எச்சரிக்கையாக எடுத்துக்கொள்ளுங்கள்.

மறுபக்கம், தேவையில்லாமல் பயப்படுபவர்களும் உண்டு. பெயின்ட், இருக்கை மெத்தை, இயந்திரத்தைப் பிரித்துப் புதுப்பிக்கும் ஓவர்ஹால் போன்றவை அந்தக் கணக்கில் வருவதில்லை. முந்தையவர் இவற்றுக்கு ஆள் வைத்திருந்தால் கவலை வேண்டாம், நீங்களும் வைக்கலாம். விண்ணப்பத்தோடு தரும் 8130-12 என்ற தகுதி அறிக்கையில், பெரும்பகுதி அமெச்சூர்களால் கட்டப்பட்டது என்றும் அதற்கான சான்று தம்மிடம் உண்டு என்றும் கையெழுத்திடுபவர் நீங்கள்தான் என்பதை மட்டும் மறக்க வேண்டாம். தெரிந்தே பொய் எழுதினால் அது கூட்டாட்சிக் குற்றம். "எல்லோரும் இப்படித்தான் எழுதுகிறார்கள்" என்று விற்பவர் சொன்னால், அவருடைய கையெழுத்து அந்தத் தாளில் எங்கும் இருக்காது என்பதை நினைவில் கொள்ளுங்கள்.

அடுத்தது உரிமைச் சங்கிலி. கிட் நிறுவனத்திடமிருந்து முதல் வாங்குபவருக்கு, அவரிடமிருந்து இரண்டாமவருக்கு, அவரிடமிருந்து உங்களுக்கு என ஒரு கண்ணியும் விடாமல் விற்பனைப் பத்திரம் வேண்டும். இறந்தவரின் மனைவியே விற்றாலும், அந்தச் சொத்து சட்டப்படி அவருக்கு வந்ததைக் காட்டும் தாள் இருக்க வேண்டும். அன்பின் பேரில் நடந்த விற்பனை என்பதற்காக ஓக்லஹோமா சிட்டியில் உள்ள பதிவு அலுவலகம் இரங்காது. அங்கே முதலில் போக வேண்டியவை 8050-1 என்ற பதிவு விண்ணப்பமும், 8050-88 என்ற உரிமைப் பிரமாணப் பத்திரமும். கட்டியவர் பெயர், மாடல், வரிசை எண் ஆகியவை இவற்றிலும் விற்பனைப் பத்திரத்திலும் விமானத்தில் பொருத்தும் தகட்டிலும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்கட்டும். ஒரு தாளில் மாடல் எண்ணுக்கு முன் இடைக்கோடு இருந்து மற்றதில் இல்லாமல் போனாலே காகிதக் கட்டு திரும்பி வரக்கூடும். திரும்பி வரும் கடிதம் காரணத்தை ஒரு வரியில் சொல்லும். நீங்கள் திருத்தி அனுப்பியது மறுபடி வரிசையின் கடைசியில் போய் நிற்கும்.

முந்தையவர் ஏற்கெனவே என்-எண் (N எழுத்தில் தொடங்கும் அமெரிக்க விமானப் பதிவு எண்) வாங்கிப் பதிவு செய்திருக்கிறாரா என்று எஃப்.ஏ.ஏ.வின் இணையப் பதிவேட்டில் இலவசமாகத் தேடிப் பார்க்கலாம். பதிவாகியிருந்தால், கட்டியவர் என்ற இடத்தில் அவர் பெயர் ஏறியிருக்கும். உங்கள் பெயரைத் தகட்டில் பொறிக்க வேண்டும் என்ற ஆசையை அப்போதே மூட்டை கட்டிவிடலாம். அதைவிட முக்கியமாக, அந்த எண்ணுக்கு முன்பே சான்றிதழ் வழங்கப்பட்டு, விமானம் விபத்துக்குப் பின் பிரித்துப் போடப்பட்டதா என்று பாருங்கள். அப்படியானால் நீங்கள் வாங்குவது பாதி கட்டிய கிட் ஆகாது, உடைந்த விமானம். அதைச் சரிசெய்வது எவ்வளவு பெரிய வேலையாக இருந்தாலும், கட்டியவர் என்ற தகுதி உங்களுக்கு வராது.

அந்தத் தகுதி ஏன் முக்கியம் என்றால், ரிப்பேர்மேன் சான்றிதழுக்காக. எக்ஸ்பெரிமென்டல் விமானத்துக்கு 12 மாதங்களுக்கு ஒருமுறை நிலை ஆய்வு செய்து கையெழுத்திட வேண்டும். 65.104 பிரிவின்படி, முதன்மையாகக் கட்டியவர் இந்தச் சான்றிதழைப் பெற்றால் தம் விமானத்தைத் தாமே ஆய்வு செய்யலாம். இல்லாவிட்டால் வழக்கமாக ஏ அண்டு பி எனப்படும் எஃப்.ஏ.ஏ. சான்று பெற்ற மெக்கானிக் ஒருவருக்கு ஆண்டுதோறும் பணம் கொடுக்க வேண்டும். ஒரு விமானத்துக்கு ஒருவருக்கு மட்டுமே இது கிடைக்கும். விமானத்தோடு சேர்த்து விற்க முடியாது. இதற்கும் குடியுரிமையோ கிரீன் கார்டோ தேவை. பாதியில் வாங்கியவர் 'முதன்மையாகக் கட்டியவர்' ஆவாரா என்பதுதான் அலுவலகத்துக்கு அலுவலகம் மாறும் பதில். உங்கள் பகுதியில் எஃப்.எஸ்.டி.ஓ. எனப்படும் எஃப்.ஏ.ஏ.வின் வட்டார அலுவலகத்தில் ஒரு அதிகாரி, எஞ்சிய வேலையையும் விமானத்தைப் பற்றிய உங்கள் அறிவையும் பார்த்துத் தருவார். மற்றொருவர், முதல் கட்டுநர் செய்த மணிநேரத்தை மட்டும் எண்ணி மறுப்பார். தொலைபேசியில் கேட்ட பதிலுக்கு நாளை யாரும் பொறுப்பேற்க மாட்டார்கள். வாங்கும் முன்பே மின்னஞ்சலில் கேட்டு, பதிலைப் பதிவேட்டோடு சேர்த்து வையுங்கள். பாதிக்கு மேல் வேலை பாக்கியிருக்கும் கிட்டைத் தேர்ந்தெடுத்தால் இந்த வாக்குவாதமே பெரும்பாலும் எழாது.

விமானத்தின் பறக்கும் தகுதிச் சான்றிதழுக்கான ஆய்வுக்கு இரண்டு வழிகள் உண்டு. எஃப்.ஏ.ஏ. ஊழியர் வந்தால் கட்டணம் இல்லை, ஆனால் எஃப்.எஸ்.டி.ஓ.வில் கேட்டால் இது தயாரிப்பு ஆய்வுப் பிரிவின் வேலை என்பார்கள், அங்கே கேட்டால் ஆள் இல்லை, டி.ஏ.ஆரைப் பாருங்கள் என்பார்கள். டி.ஏ.ஆர். என்பவர் எஃப்.ஏ.ஏ. நியமித்த தனியார் பிரதிநிதி. கட்டணத்தை அவரே வைப்பார், பயணச் செலவும் உங்களுடையது. இலவச வழிக்காக மாதக்கணக்கில் தொலைபேசியைக் காதில் வைத்திருந்தவர்கள் கடைசியில் அவரிடமே போகிறார்கள் என்பதால், நேராக அவரிடம் போவதே நல்லது. அவரை விமானம் முடிந்த பிறகு தேட வேண்டாம். வாங்கும் முன்பே பதிவேட்டின் நகலை அனுப்பி, இந்தக் காகிதங்களோடு சான்றிதழ் தருவீர்களா என்று கேளுங்கள். அவர் தயங்கினால் விலையை மறுபடி பேசுங்கள், அல்லது விட்டுவிடுங்கள்.

உலோகத்தைப் பற்றி இரண்டு சொல்ல வேண்டும். அதிகம் விற்கும் வேன்ஸ் நிறுவனத்தின் ஆர்.வி. வரிசையில் 2022, 2023 ஆண்டுகளில் அனுப்பப்பட்ட கிட்டுகளில் லேசரால் வெட்டிய பாகங்கள் பல இருந்தன. துளையின் ஓரத்தை ரிவெட் தலைக்காகக் குழியாக்கும்போது அங்கே சிறு விரிசல் விடுவது தெரியவந்து, மாற்றுப் பாகங்கள் கேட்கும் நிலை ஏற்பட்டது. 2023 டிசம்பரில் அந்நிறுவனம் திவால் பாதுகாப்புக் கோரியதில் இதற்கும் பங்கு உண்டு. ஆகவே கிட்டின் விலைச்சீட்டில் தேதியைப் பாருங்கள். அந்தக் காலத்தது என்றால் உருப்பெருக்கிக் கண்ணாடியோடு துளை துளையாகப் பாருங்கள், எந்தப் பாகம் மாற்றப்பட்டது என்பதற்குத் தாள் கேளுங்கள். இரண்டாவது, பல ஆண்டுகள் சும்மா கிடந்த லைகமிங் இயந்திரம். அதில் வால்வுகளைத் திறக்கும் கேம் தண்டு மேல்பக்கம் இருப்பதால் எண்ணெய் வடிந்து துரு ஏறிவிடும். 'ஓவர்ஹால் ஆனதிலிருந்து பூஜ்ய மணிநேரம்' என்ற வாக்கியம் எத்தனை வருடத்துக்கு முந்தையது என்று கேட்டால் விற்பவரின் முகம் மாறுவதைப் பார்க்கலாம். எக்ஸ்பெரிமென்டல் விமானச் சங்கமான ஈ.ஏ.ஏ.வின் உள்ளூர் கிளையில் தொழில்நுட்ப ஆலோசகர்கள் இலவசமாக வந்து பார்ப்பார்கள். பணம் கொடுக்கும் முன் ஒருவரை அழைத்துப் போங்கள்.

ஆய்வு முடிந்து இளஞ்சிவப்புச் சான்றிதழ் கைக்கு வந்ததும் முதற்கட்டப் பறப்பு, அதாவது சோதனைப் பறப்பு, தொடங்கும். அங்கீகரிக்கப்பட்ட இயந்திர-புரொப்பெல்லர் இணை என்றால் வழக்கமாக 25 மணி, மற்றவற்றுக்கு 40 மணி. விற்பவர் 25 என்று சொல்லியிருப்பார். ஆனால் எரிபொருளைப் பற்றவைக்கும் பொறியைத் தரும் மேக்னெட்டோவைக் கழற்றி மின்னணு இக்னிஷன் பொருத்தியிருந்தால் 40 என்றே வைத்துக்கொள்ளுங்கள். குறிப்பிட்ட பறப்பு எல்லைக்குள்தான் பறக்க வேண்டும், பயணிகளை ஏற்றக் கூடாது. காப்பீட்டு நிறுவனத்தை இந்தக் கட்டத்துக்கு முன்பே கேளுங்கள். அந்த மாடலில் உங்களுக்குப் பறந்த அனுபவம் இல்லையென்றால், முதற்கட்டத்துக்குக் காப்பீடு தர மறுப்பார்கள், அல்லது பயிற்சியாளரிடம் சில மணிநேரம் பறந்து வந்த பிறகே தருவார்கள். மணிநேரம் முடிந்ததும், விமானம் எல்லா வேகங்களிலும் கட்டுப்பாட்டுக்குள் இருக்கிறது என்ற குறிப்பை, இயக்க வரம்புகளில் அச்சிட்டிருக்கும் வாசகத்திலேயே பதிவேட்டில் எழுதிக் கையெழுத்திட்டுத் தேதியிடுங்கள். அந்த வரி இல்லாமல் மனைவியையோ மகனையோ பக்கத்து இருக்கையில் ஏற்றினால் அதுவே விதிமீறல்.