ஒப்புகையா, அங்கீகாரமா? தைவானைச் சுற்றி ஒரு வினைச்சொல்

தைவான் நீரிணையில் பதற்றம் கூடும்போதெல்லாம் நம் செய்திகளில் ஒரு வரி தலைகாட்டும்: "தைவான் சீனாவின் ஒரு பகுதி என்பதை அமெரிக்கா 1979இலேயே ஏற்றுக்கொண்டுவிட்டது." சில நேரம் 'ஏற்றுக்கொண்டது' என்ற இடத்தில் 'அங்கீகரித்தது' என்று இருக்கும். 'ஒப்புக்கொண்டது' என்றும் படித்திருக்கிறேன். மூன்றுமே தவறு. அமெரிக்கா அன்று கையாண்ட ஆங்கில வினைச்சொல் 'அக்னாலெட்ஜ்', அதாவது 'நீங்கள் சொல்வது எங்களுக்குத் தெரியும்' என்பது. அந்தச் சொல்லை அவர்கள் தேடிப்பிடித்து வைத்ததே 'ஏற்றுக்கொண்டோம்' என்று சொல்லாமல் இருப்பதற்காகத்தான். அதைத் தமிழில் 'ஏற்றது' என்று எழுதினால், ஐம்பது ஆண்டுகளாக இரண்டு வல்லரசுகள் தீர்க்காமல் வைத்திருக்கும் வழக்கை நாமே ஒரு பக்கத்துக்குத் தீர்ப்பெழுதி முடித்துவிடுகிறோம்.

இந்தச் சொல் எந்த வாக்கியத்தில் வந்தது என்பதிலிருந்து தொடங்குவோம்.

1949இல் மாவோவின் கம்யூனிஸ்டுகள் பெய்ஜிங்கில் ஆட்சியமைத்தார்கள். அதுவரை சீனாவை ஆண்டு, உள்நாட்டுப் போரில் அவர்களிடம் தோற்ற சியாங் கை ஷேக் தைவானுக்குப் போய், தன்னுடையதுதான் சீன அரசு என்று அங்கிருந்து சொல்லிக்கொண்டிருந்தார். அமெரிக்காவும் அவரைத்தான் சீனாவின் அரசாகக் கருதியது. ஐக்கிய நாடுகள் சபையில் சீனாவின் இடம் 1971 அக்டோபர் வரை தைவானின் தலைநகரான தைபேயிடமே இருந்தது. அந்த ஆண்டு ஜூலையில் அமெரிக்க அதிபரின் பாதுகாப்பு ஆலோசகர் ஹென்றி கிஸ்ஸிங்கர் பாகிஸ்தான் வழியாக ரகசியமாகப் பெய்ஜிங் போய்ச் சீனப் பிரதமர் சௌ என்லாயைச் சந்தித்தார். 1972 பிப்ரவரியில் அதிபர் நிக்சனே போனார். அந்தப் பயணத்தின் முடிவில் வெளியானதுதான் ஷாங்காய் அறிக்கை.

மற்றக் கூட்டறிக்கைகளைப் போல 'இரு தரப்பும் கருதுகின்றன' என்று அது பூசி மெழுகவில்லை. சீனத் தரப்பு தன் நிலையைத் தனியாகச் சொன்னது, அமெரிக்கத் தரப்பு தன் நிலையைத் தனியாகச் சொன்னது. தைவான் பற்றி அமெரிக்கப் பகுதியில் இருப்பதைச் சொல்லுக்குச் சொல் பார்த்தால் இப்படி வரும்: தைவான் நீரிணையின் இரு கரையிலும் உள்ள சீனர் அனைவரும், ஒரே சீனாதான் உண்டு, தைவான் அதன் ஒரு பகுதி என்று கருதுகிறார்கள், இதை அமெரிக்கா 'அக்னாலெட்ஜ்' செய்கிறது, அந்த நிலைப்பாட்டை எதிர்த்துக் கேள்வி எழுப்பவில்லை.

கவனித்துப் பாருங்கள். இது தைவான் யாருடையது என்பதைப் பற்றிய வாக்கியமே இல்லை. சீனர்கள் என்ன நினைக்கிறார்கள் என்பதைப் பற்றியது. அன்றைக்கு அது உண்மையும்கூட. பெய்ஜிங்கும் ஒரே சீனா என்றது, தைபேயும் ஒரே சீனா என்றது. அதை யார் ஆள்வது என்பதில்தான் சண்டை. வேறு கருத்துள்ள தைவான் மக்கள் வாய் திறக்க முடியாதபடி அங்கே 1987 வரை ராணுவச் சட்டம் இருந்தது. 1950களில் வெளியுறவுத் துறையில் யாரோ எழுதிவைத்த ஓர் ஆவணத்திலிருந்து இந்தச் சொல்லமைப்பை எடுத்ததாகக் கிஸ்ஸிங்கர் தன் நினைவுக் குறிப்புகளில் எழுதியிருக்கிறார்.

சரி, 'அக்னாலெட்ஜ்' என்பது எங்கிருந்து வந்த சொல்? பழைய ஆங்கிலத்தில் 'ஒன்க்னாவன்' என்று ஒரு வினை இருந்தது. 'இன்னது என்று அறிதல்' என்று பொருள். அது தேய்ந்து 'அக்னோ' ஆனது. பிறகு 'நாலெட்ஜ்' என்ற சொல்லோடு கலந்து இன்றைய வடிவம் பிறந்தது. ஆக, உள்ளே இருப்பது 'அறிதல்'. இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டிய இன்னொரு சொல் 'ரெகக்னைஸ்'. ஒரு நாட்டையோ அரசையோ முறைப்படி அங்கீகரிப்பதற்குரிய சட்டச் சொல் அதுதான். அது லத்தீன் வழியாக வந்தது. ஆனால் ஆணிவேரைத் தோண்டினால் அதுவும் அறிதல்தான். இரண்டுக்கும் மூலம் ஒன்று. சமஸ்கிருதத்தின் 'ஞா' அதே வேரிலிருந்து கிளைத்தது. நாம் சொல்லும் ஞானமும் விஞ்ஞானமும் அந்தக் கிளையில் வந்தவை. ஒரு வயிற்றில் பிறந்த இரண்டு சொற்கள், சட்டத்தில் இப்படிப் பிரிந்து நிற்கின்றன: ஒன்று 'நீ சொன்னது எனக்குத் தெரியும்', மற்றது 'நீ சொன்னது எனக்கும் சம்மதம்'.

சீன மொழியிலும் இதே கதை நடந்திருக்கிறது என்பதுதான் எனக்குப் பெரிய வியப்பு. 1972 அறிக்கையின் சீனப் பிரதியில் 'அக்னாலெட்ஜ்' இருக்கும் இடத்தில் 'ரென்ஷி தாவ்' என்று எழுதினார்கள். 'உணர்ந்திருக்கிறது, தெரிந்துவைத்திருக்கிறது' என்பது போன்ற பொருள். ஆங்கிலத்துக்கு நேர்மையான மொழிபெயர்ப்பு. அப்புறம் 1979 வந்தது.

1978 டிசம்பர் 15 அன்று அதிபர் கார்ட்டர் அறிவித்தார். 1979 ஜனவரி 1 முதல் அமெரிக்காவுக்கும் மக்கள் சீனக் குடியரசுக்கும் இடையே தூதரக உறவு. அந்தக் கூட்டறிக்கையின் ஆங்கிலப் பிரதியில் இரண்டு வினைகளும் வருகின்றன, சில வரி இடைவெளியில். மக்கள் சீனக் குடியரசின் அரசே சீனாவின் ஒரே சட்டபூர்வமான அரசு என்பதை அமெரிக்கா 'ரெகக்னைஸ்' செய்கிறது. ஒரே சீனாதான் உண்டு, தைவான் அதன் ஒரு பகுதி என்ற சீன நிலைப்பாட்டை 'அக்னாலெட்ஜ்' செய்கிறது. அரசுக்கு ஒரு வினை, நிலத்துக்கு வேறு வினை. எழுதியவர்கள் தெரிந்தே செய்த வேலை இது.

சீனப் பிரதியைத் திறந்தால் இரண்டு இடத்திலும் ஒரே சொல்: 'செங்ரென்'. அங்கீகரித்தல். ஏழு ஆண்டுக்கு முன் எழுதிய 'ரென்ஷி தாவ்' காணாமல் போயிருந்தது. 'ரென்' என்ற எழுத்து இரண்டு சொல்லிலும் பொதுவானது. அதற்கு அறிதல், அடையாளம் காணுதல் என்று பொருள். அதன் முன்னால் சேர்ந்த 'செங்' என்பது கீழிருந்து கையால் தாங்குவது, பெற்றுக்கொள்வது. வெறும் அறிதலோடு கையில் வாங்குதல் சேர்ந்ததும் பொருள் முழுசாக மாறிவிடுகிறது.

அமெரிக்க நாடாளுமன்றத்தின் மேலவையில் இதைக் கண்டுபிடித்துக் கேட்டார்கள். 1979 தொடக்கத்தில் நடந்த விசாரணையில், துணை வெளியுறவு அமைச்சராக இருந்த வாரன் கிறிஸ்டபர், தங்களைக் கட்டுப்படுத்துவது ஆங்கிலப் பிரதிதான், அதிலுள்ள 'அக்னாலெட்ஜ்' என்ற சொல்தான் என்று பதில் சொன்னார். சீனா தன் பிரதியைக் கையில் வைத்துக்கொண்டது. இன்றுவரை நிலைமை அதுதான்.

இது வெறும் அகராதிச் சண்டை இல்லை. 1979 ஏப்ரலில் அமெரிக்கா இயற்றிய தைவான் உறவுச் சட்டம், தைவானின் தற்காப்புக்கான ஆயுதங்களை அமெரிக்கா கொடுக்கும் என்கிறது. தைவான் சீனாவின் நிலம் என்று ஏற்றுக்கொண்ட ஒரு நாடு அங்கே ஆயுதம் விற்றால், அது இன்னொரு நாட்டின் உள்விவகாரத்தில் தலையிடுவது. சீனா சொல்லும் குற்றச்சாட்டு அப்படியே இதுதான். அமெரிக்காவோ, 'உங்கள் நிலைப்பாட்டைத் தெரிந்துகொண்டோம் என்றுதான் சொன்னோம், நிலம் யாருடையது என்று சொல்லவே இல்லை' என்கிறது. தைபேயில் அமெரிக்கத் தூதரகம் இல்லை. 'அமெரிக்கன் இன்ஸ்டிடியூட் இன் தைவான்' என்ற பெயரில் ஒரு நிறுவனம் விசா கொடுக்கிறது, தூதரக வேலை எல்லாம் பார்க்கிறது. 2022 ஆகஸ்டில், அன்றைய அமெரிக்கக் கீழவைத் தலைவர் நான்சி பெலோசி தைபேயில் இறங்கியபோது, 1972, 1979, 1982 ஆகிய மூன்று கூட்டறிக்கைகளையும் மீறிவிட்டார்கள் என்று பெய்ஜிங் கண்டித்தது. அதே மூன்று கூட்டறிக்கைகளின்படிதான் நடக்கிறோம் என்று வாஷிங்டன் சொன்னது. அவரவர் பிரதியை வைத்துப் பார்த்தால் இருவருக்குமே பேச இடமிருக்கிறது.

மற்ற நாடுகளும் இந்த இடத்தில் தங்களுக்கென்று ஒரு வினையைத் தேடிக்கொண்டன. கனடா 1970இல் சீன நிலைப்பாட்டைக் 'குறித்துக்கொள்கிறது' என்று மட்டும் எழுதியது. ஜப்பான் 1972 செப்டம்பரில் 'முழுமையாகப் புரிந்துகொண்டு மதிக்கிறது' என்றது. குறித்துக்கொள்வது, அறிவது, புரிந்து மதிப்பது என்று படிப்படியாக நெருங்குகிறார்களே தவிர, இவர்கள் யாரும் 'ஏற்கிறோம்' என்ற படியில் கால் வைக்கவில்லை. தமிழில் இவை எல்லாவற்றையும் 'ஏற்றுக்கொண்டன' என்று ஒரே பெட்டியில் போட்டு மூடுவது எவ்வளவு பெரிய இழப்பு!

இப்போது நம் சொற்களுக்கு வருவோம்.

'அங்கீகாரம்' வடசொல். 'அங்கம்' அதில் இருக்கிறது. தன் அங்கமாக, தன் பக்கத்தில் உள்ளதாக ஆக்கிக்கொள்வது என்பதிலிருந்து 'உடன்படுதல்' என்ற பொருள் வந்தது. 'அங்கீகாரம் பெற்ற பள்ளி' என்கிறோம். 'ரெகக்னைஸ்' என்பதற்கு இது கச்சிதமாகப் பொருந்தும். தனித்தமிழில் வேண்டுமென்றால் 'ஏற்பு', அல்லது அகராதிகள் சொல்லும் 'ஏற்பிசைவு'. ஏற்றல் என்றால் கைநீட்டி வாங்குதல். 'ஏற்பது இகழ்ச்சி' என்று சின்ன வயதில் படித்தோமே, அந்த ஏற்றல்தான். சீனத்தின் 'செங்' கையில் தாங்கி வாங்குவது என்று பார்த்தோம். ஆகவே 'செங்ரென்' என்பதற்கு 'ஏற்பு' இன்னும் அழகாகப் பொருந்துகிறது.

'அக்னாலெட்ஜ்' என்பதற்கு என்ன? நம் அலுவலகத் தமிழில் ஏற்கெனவே ஒரு சொல் இருக்கிறது: ஒப்புகை. பதிவுத் தபாலோடு இணைத்து அனுப்பினால் கையெழுத்தோடு திரும்பி வந்தது ஒப்புகை அட்டை. மனு கொடுத்தால் தருவது ஒப்புகைச் சீட்டு. வாக்குப்பதிவு இயந்திரத்துக்குப் பக்கத்தில் சில நொடிகள் தெரிந்து விழுவதும் ஒப்புகைச் சீட்டுதான். என் அப்பா ஒருமுறை பட்டா மாறுதலுக்கு ஓர் அரசு அலுவலகத்தில் மனு கொடுத்து, முத்திரை குத்திய ஒப்புகைச் சீட்டோடு வீட்டுக்கு வந்தார். வேலை முடிந்துவிட்டது என்றே நினைத்தார். பல மாதம் கழித்துப் போய்க் கேட்டபோதுதான் தெரிந்தது, 'உங்கள் மனு எங்களிடம் வந்தது' என்பதற்கு மேல் அந்தச் சீட்டில் எதுவுமே இல்லை என்று. 1979இல் வாஷிங்டன் பெய்ஜிங்குக்குக் கொடுத்தது அந்த மாதிரி ஒரு சீட்டு என்று எண்ணிக்கொண்டால், விஷயம் சட்டென்று பிடிபடும்.

ஆனால் என் அப்பா ஏமாந்ததற்கு அந்தச் சொல்லும் ஒரு காரணம். 'ஒப்பு' என்பதன் அடிப்படை, ஒன்றுபோல் இருத்தல், சமமாதல். ஒப்பீடு, ஒப்பந்தம், ஒப்புரவு எல்லாம் அந்தக் குடும்பம். இரண்டு மனம் ஒரே மட்டத்துக்கு வருவதுதான் ஒப்புதல். எனவே 'ஒப்புகை' என்று எவ்வளவுதான் அலுவலகப் பொருளில் எழுதினாலும், 'சம்மதம்' என்ற வாடை அதில் வீசிக்கொண்டே இருக்கும். வினையாக்கி 'ஒப்புக்கொண்டது' என்று எழுதிவிட்டால் முழுச் சம்மதமாகவே ஆகிவிடும், குற்றத்தை ஒப்புக்கொண்டான் என்கிற மாதிரி. பெயர்ச்சொல்லாக, சீட்டுக்கும் அட்டைக்கும் 'ஒப்புகை' இருக்கட்டும். பல ஆண்டுப் பழக்கம், மாற்றத் தேவையில்லை. நாடுகளின் உறவைப் பற்றி எழுதும்போது மட்டும் அதை விட்டுவிட வேண்டும் என்பது என் கருத்து.

அங்கே நமக்குக் கைகொடுப்பது 'அறி' என்ற வேர். ஆங்கிலத்துக்கும் சீனத்துக்கும் அடியில் இருப்பது எதுவோ அதுவே. 'அறிந்துள்ளதாகத் தெரிவிக்கிறது' என்று எழுதலாம். பெயர்ச்சொல் வேண்டுமென்றால் 'அறிந்தமை தெரிவித்தல்'. கொஞ்சம் நீளம்தான். தலைப்புச் செய்தியில் இடம் போதாது என்று உதவி ஆசிரியர்கள் சொல்வார்கள். அப்படியானால் 'அறியும்' போதும். 'சீன நிலைப்பாட்டை அமெரிக்கா அறியும்' என்பதில் சம்மதமும் இல்லை, மறுப்பும் இல்லை. 'அறிந்தேற்பு' என்ற ஆக்கச் சொல்லை ஒருவர் எனக்குப் பரிந்துரைத்தார். அதில் 'ஏற்பு' வந்துவிடுவதால் எதைத் தவிர்க்க நினைக்கிறோமோ அதுவே பின்வாசல் வழியாக நுழைகிறது. வேண்டாம்.

இதற்குப் பக்கத்திலேயே இன்னொரு இணை. பெய்ஜிங் பேசுவது 'ஒரே சீனக் கோட்பாடு'. தைவான் தன் நிலம் என்ற உறுதியான கூற்று அது. வாஷிங்டன் பேசுவது 'ஒரே சீனக் கொள்கை'. அது தான் எப்படி நடந்துகொள்ளும் என்பதைப் பற்றியது, நாளை மாற்றிக்கொள்ளவும் கூடியது. தமிழில் இரண்டையும் 'ஒரே சீனா கொள்கை' என்றே எழுதிக்கொண்டிருக்கிறோம். கோட்பாடு, கொள்கை என்று இரண்டு நல்ல சொற்கள் கைவசம் இருக்கும்போது பிரித்தே எழுதலாம்.

1979 கூட்டறிக்கையின் அந்த இரண்டு வரிகளைத் தமிழில் நான் இப்படி எழுதுவேன்: "மக்கள் சீனக் குடியரசின் அரசே சீனாவின் ஒரே சட்டபூர்வமான அரசு என அமெரிக்க ஐக்கிய நாடு அங்கீகரிக்கிறது. ஒரே சீனாதான் உண்டு, தைவான் அதன் ஒரு பகுதி என்ற சீன நிலைப்பாட்டை அமெரிக்க ஐக்கிய நாட்டு அரசு அறிந்துள்ளதாகத் தெரிவிக்கிறது." சீனப் பிரதியிலிருந்து மொழிபெயர்ப்பவர் இரண்டாவது வரியிலும் 'அங்கீகரிக்கிறது' என்றே எழுத வேண்டும், அது எந்த மொழிப் பிரதி என்பதையும் பக்கத்திலேயே சொல்லிவிட வேண்டும்.