‘மைட்டோகாண்ட்ரிய ஏவாள்’: சொல் விளக்கம்

கிரேக்கத்தில் ‘மிட்டோஸ்’ என்றால் நூல், ‘கோண்ட்ரியோன்’ என்றால் சிறுமணி. விந்தணு உருவாகும் செல்களை நுண்ணோக்கியில் ஆராய்ந்த ஜெர்மானியர் கார்ல் பெண்டா, 1898-இல் செல்லுக்குள் இருந்து அதற்கு ஆற்றல் தரும் நுண்ணுறுப்புக்கு, இரண்டையும் சேர்த்து ‘மைட்டோகாண்ட்ரியா’ என்று பெயரிட்டார். தமிழில் ‘இழைமணி’. மூலப்பொருள் இம்மியும் பிசகாத, நாவிலும் எளிதாகப் புரளும் ஆக்கம். பாடநூலோடு நின்றுவிடாமல் பேச்சிலும் புழங்கவேண்டிய சொல்.

பெயர் கிடைத்தது விந்தணு ஆய்வில். ஆனால் இழைமணி நமக்கு வருவது தாயிடமிருந்து. தந்தையின் இழைமணிகள் கருமுட்டைக்குள் போனாலும் அழிந்துவிடும். ஆகவே உங்கள் இழைமணியிலுள்ள, சுமார் 16,569 எழுத்து நீளமுள்ள டிஎன்ஏ அம்மா தந்தது, அம்மாவுக்கு அம்மாச்சி தந்தது. அப்பத்தாவுக்கு இதில் பங்கே இல்லை.

1987-இல் ரெபெக்கா கேன், மார்க் ஸ்டோன்கிங், ஆலன் வில்சன் மூவரும் பல நிலப்பகுதிகளைச் சேர்ந்த 147 பேரின் இழைமணி டிஎன்ஏவை ஒப்பிட்டார்கள். பெரும்பாலும் பிரசவத்தில் கிடைத்த நஞ்சுக்கொடிகளிலிருந்து பிரித்தெடுத்தது அது. தாய்வழிக் கிளைகளெல்லாம் பின்னோக்கிப் போய் ஒரு பெண்ணிடம் கூடின. அவள் சுமார் 2 லட்சம் ஆண்டுகளுக்கு முன், அநேகமாக ஆப்பிரிக்காவில் வாழ்ந்தவள் என்றது கணக்கு. அவளுக்குத்தான் ‘ஏவாள்’ என்ற பெயர் ஒட்டிக்கொண்டது.

அந்தப் பெயர்தான் குழப்புகிறது. விவிலியத்தின் ஏவாள் முதல் பெண். இவள் அப்படியல்ல. மொராக்கோவின் ஜெபெல் இர்ஹூதில் கிடைத்த மனித எலும்புகளுக்கு வயது சுமார் 3 லட்சம் ஆண்டு; எத்தியோப்பியாவின் ஓமோ எலும்புகள் 2.3 லட்சம் ஆண்டுக்குக் குறையாதவை என்கிறது 2022-இல் வந்த ஆய்வு. இவளுக்கும் ஓர் அம்மா இருந்தாள். அக்கம்பக்கத்தில் வேறு பெண்களும் இருந்தார்கள். பெற்றதெல்லாம் ஆண்பிள்ளைகள் என்றால் ஒருத்தியின் இழைமணி வழி அதோடு அறுந்துபோகும். ஆனால் அவளுடைய மற்ற மரபணுக்கள் அந்தப் பிள்ளைகள் வழியாக இன்றும் நம்மிடம் இருக்கலாம்.

‘இழைமணி ஏவாள்’ என்று பாதி மட்டும் தமிழாக்கினால் பழைய குழப்பம் அப்படியே நிற்கும். நான் எழுதுவது ‘தாய்வழிப் பொது மூதாய்’. சங்கப் பாட்டில் ‘மூதாய்’ மழைக்குப்பின் ஊரும் சிவப்புத் தம்பலப்பூச்சியையும் குறிக்கும். இங்கே அது மூத்த தாய். ‘பொது’வை விட்டுவிடக் கூடாது, பொருள் முழுக்க அதில்தான் இருக்கிறது. அவள் மகள்கள் வழி வந்த பெருங்கிளைகளில் ஒன்றைத் தவிர மற்றவை நாளை அறுந்துபோனால், அவளுக்குப் பின்னால் வந்த இன்னொருத்தி பொது மூதாய் ஆகிவிடுவாள்.